மக்காச்சோளத் தட்டையைக் கொளுத்துவதா, மடக்கி உழுவதா, அப்படியே விடுவதா? மண்ணுக்குள் நடக்கும் பூசணச் சண்டை

தை, மாசி மாதங்களில் திருச்சியில் இருந்து துறையூர் பக்கமோ பெரம்பலூர் பக்கமோ போனால் சாலையின் இருபுறமும் மக்காச்சோளம் காய்ந்து நிற்கும். கதிர் ஒடிப்பது, களத்தில் இயந்திரம் வைத்து மணி பிரிப்பது, நாமக்கல் கோழித் தீவன ஆலைகளுக்கு லாரி ஏற்றுவது என்று ஊரே பரபரப்பாக இருக்கும். ஆனால் சில வயல்களில் மட்டும் பயிர் கதிரோடு தரையில் படுத்துக் கிடக்கும். கேட்டால், "காத்துக்கு சாஞ்சிருச்சுங்க" என்பார்கள்.

காற்று கடைசியாக ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவுதான். அதற்குப் பல நாட்கள் முன்பே தண்டை உள்ளிருந்து காலி செய்தது மண்ணில் இருந்து வந்த ஒரு பூசணம். சாய்ந்த செடியின் கதிரைக் குனிந்துதான் ஒடிக்க வேண்டும், கூலி ஏறும். தரையில் பட்ட கதிரில் எலியும் கரையானும் பங்கு கேட்கும். மணி சுருங்கியிருந்தால் எடையும் நிற்காது.

அறுவடை முடிந்ததும் அடுத்த கேள்வி வருகிறது. இந்தத் தட்டையை என்ன செய்வது? மாட்டுக்குக் கட்டி எடுத்துப் போவோர் உண்டு. தீ வைத்துவிட்டு நிம்மதியாக இருப்போர் உண்டு. ரொட்டவேட்டர் விட்டு மண்ணோடு மடக்குவோர் உண்டு. இப்போது நான்காவதாக ஒரு யோசனையும் வேளாண் கூட்டங்களில் சொல்லப்படுகிறது: உழவே வேண்டாம், தட்டையை நிலத்திலேயே போர்வையாக விட்டுவிடுங்கள் என்பது. 'பாதுகாப்பு வேளாண்மை' என்ற பெயரில் வருவது இதுதான். உடனே ஒரு விவசாயிக்குத் தோன்றுவது, "நோய் புடிச்ச தட்டைய வயல்லயே போட்டா அடுத்த வருசமும் நோய் வராதா?" என்பது.

நியாயமான கேள்வி. இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. எந்த நோய், எந்த மண், அடுத்து என்ன பயிர் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

தண்டுக்குள் கரி

சாய்ந்து கிடக்கும் செடியின் அடித்தண்டைப் பிளந்து பார்த்தால் உள்ளே சோறு இருக்காது. நார் நாராகப் பிரிந்து, அதன் மேல் கரித்தூளைத் தூவியது போலச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். இதுதான் கரிக்கோல் அழுகல் நோய். 'மேக்ரோபோமினா பேசியோலினா' என்ற பூசணம் இதற்குக் காரணம். அந்தக் கறுப்புப் புள்ளிகள் பூசணத்தின் விதைப்பெட்டி மாதிரி. தட்டை மக்கிய பிறகும் மண்ணில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

இது எப்போதும் தாக்குகிற நோய் அல்ல, சந்தர்ப்பம் பார்க்கிற நோய். பூ எடுத்த பிறகு வறட்சியும் மண்ணில் சூடும் சேர்ந்தால்தான் இதற்குக் கொண்டாட்டம். கதிரில் பால் பிடிக்கும்போது செடி தன் தண்டில் சேர்த்து வைத்த சர்க்கரையை மணிக்கு அனுப்புகிறது. அந்த நேரத்தில் தண்ணீரும் இல்லை என்றால் தண்டு பலவீனமாகும். வேர் வழியே ஏற்கெனவே உள்ளே புகுந்து காத்திருந்த பூசணம் அப்போது மேலே ஏறும். புரட்டாசியில் விதைத்த மானாவாரிப் பயிருக்கு, வடகிழக்குப் பருவமழை கார்த்திகையோடு கையை விரித்துவிட்டால் இந்த நிலைதான். தைப்பட்டத்தில் இறவையில் விதைத்து, பங்குனி வெயிலில் கதிர் பிடிக்கும் பயிருக்கு ஆபத்து இன்னும் அதிகம். அப்போது ஒரு தண்ணீர் தவறினாலும் பலன் தெரிந்துவிடும்.

தழைச்சத்தை அள்ளிப் போட்டு, சாம்பல் சத்தைக் குறைத்த வயலிலும் தண்டு சீக்கிரம் விழும். யூரியா போட்டால் பச்சை கண்ணுக்குத் தெரியும், பொட்டாஷ் போட்டால் எதுவும் தெரியாது. அதனால்தான் பொட்டாஷ் மூட்டை கடையிலேயே நின்றுவிடுகிறது.

இந்தப் பூசணம் மக்காச்சோளத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. சோளம், பருத்தி, எள், சூரியகாந்தி, பயறு வகைகள் என்று 500-க்கும் மேற்பட்ட செடிகளில் வாழக்கூடியது. துறையூர், பெரம்பலூர் கரிசலில் மக்காச்சோளத்துக்கு மாற்றாக வரும் முதல் பயிரே பருத்திதான். ஆக, பயிரை மாற்றினால் இந்த நோய் பட்டினி கிடந்து செத்துவிடும் என்று நம்ப முடியாது.

மற்ற நோய்கள் எங்கே ஒளிகின்றன?

அடிச்சாம்பல் நோய் வந்த செடியின் இலை வெளுத்து, குறுகி நிற்கும். காலையில் இலையின் அடியில் வெள்ளைப் படிவம் தெரியும். சில செடிகளில் ஆண்பூவே இலை மாதிரி சுருண்டு, கதிர் பிடிக்காமல் போகும். இதன் கிருமி மண்ணில் தடித்த உறைக்குள் உறங்கும். தட்டையைக் கொளுத்தினாலும் கொளுத்தாவிட்டாலும் அதற்குப் பெரிய வித்தியாசம் இல்லை. சுருக்கமாகச் சொன்னால், மெட்டலாக்சில் விதை நேர்த்தியும், நோய் வந்த செடியை உடனே பிடுங்கி எரிப்பதும்தான் வழி. தாவரவியல் கணக்குப்படி இது அசல் பூசணமே அல்ல, பாசி இனத்துக்கு நெருங்கிய உறவு. அதனால்தான் எல்லாப் பூசணக்கொல்லியும் இதனிடம் வேலை செய்வதில்லை.

இலைக்கருகல் நோயின் கதை வேறு. சுருட்டு வடிவத்தில் நீளமான பழுப்புத் திட்டுகள் இலையில் வரும். இந்தப் பூசணம் உயிர் வாழ்வதே நிலத்தின் மேல் கிடக்கும் பழைய தட்டையிலும் சருகிலும்தான். அடுத்த பயிரும் மக்காச்சோளமாக இருந்து, குளிர்ந்த ஈரமான வானிலையும் வாய்த்தால், பழைய சருகில் இருந்து வித்துகள் காற்றில் ஏறிப் புதுப்பயிருக்கு வரும். இதே குடும்பத்து இன்னொரு இலைக்கருகல் 1970-ல் அமெரிக்காவில் ஒரே பருவத்தில் நாட்டின் மொத்த மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 15 சதவீதத்தைக் காலி செய்தது. அங்கே அப்போது பெரும்பாலான வயல்களில் ஒரே தாய்வழி கொண்ட கலப்பின விதை இருந்ததுதான் முக்கியக் காரணம்.

இலையுறை கருகல் நோய் தரையை ஒட்டிய இலைகளில் தொடங்கி, பட்டை பட்டையாக மேலே ஏறும். நெல்லில் இலையுறை கருகலை உண்டாக்கும் அதே 'ரைசாக்டோனியா' இனம்தான் இதற்கும் காரணம். லால்குடி பக்கம் நெல்லுக்குப் பின் மக்காச்சோளம் வைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். மண்ணைத் தொடும் அடி இலைகள் இரண்டு, மூன்றை உறையோடு உரித்துவிடுவது பணச்செலவு இல்லாத வைத்தியம்.

பூசணத்தைத் தின்னும் பூசணம்

வேளாண்மை விரிவாக்க மையத்தில் வெள்ளைத் தூள் பொட்டலமாகக் கிடைக்கும் 'டிரைக்கோடெர்மா விரிடி'யைத் தெரியாத விவசாயி இன்று குறைவு. 1932-ல் கலிபோர்னியாவில் எலுமிச்சை வகை நாற்றுகளின் அழுகலை ஆராய்ந்த ரிச்சர்ட் வைண்ட்லிங் என்பவர்தான் இதன் குணத்தைக் கண்டு எழுதினார். மேலே சொன்ன ரைசாக்டோனியாவின் இழைகளை டிரைக்கோடெர்மா பாம்பு மாதிரி சுற்றி, துளைத்து, உள்ளிருப்பதை உறிஞ்சுவதை அவர் பார்த்தார். வேரைச் சுற்றி இடத்தை முதலில் பிடித்துக்கொள்வது, எதிரிக்கு ஆகாத பொருளைச் சுரப்பது, செடியின் சொந்த எதிர்ப்பு சக்தியை உசுப்பிவிடுவது என்று இதற்கு இன்னும் சில வழிகளும் உண்டு.

இதன் இன்னொரு முகம் அதிகம் பேசப்படுவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் கடலில் சாலமன் தீவுகளில் இருந்த அமெரிக்க ராணுவத்தின் பருத்திக் கூடாரங்கள் நைந்து போயின. காரணம் தேடியபோது கிடைத்தது டிரைக்கோடெர்மா இனத்தின் ஒரு வகை. பருத்தி நூலும் மக்காச்சோளத் தட்டையும் அடிப்படையில் ஒரே பொருள், செல்லுலோஸ். கூடாரத்தைத் தின்றது தட்டையை விடுமா?

நிலத்தில் தட்டையை விடுவதற்கான முதல் காரணம் இங்கே கிடைக்கிறது. நோய்ப் பூசணமும் நல்ல பூசணமும் ஒரே சாப்பாட்டுக்குத்தான் போட்டியிடுகின்றன. தட்டையைக் கொளுத்தினால் நோய்க்கிருமியோடு, அதைத் தின்ன வேண்டியவனின் சாப்பாடும் சேர்ந்து எரிகிறது. அதுவும் தீ மேல் மண்ணை மட்டும்தான் சுடும். கரிக்கோலின் கறுப்பு வித்துகள் வேர்ப்பகுதியில் ஆழத்தில் பத்திரமாக இருக்கும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கரிக்கோல் அழுகலுக்குச் சொல்லும் அளவு இது: விதை நேர்த்திக்குக் கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி. அல்லது விதைத்த 30-ம் நாளில் எக்டேருக்கு 2.5 கிலோவை 50 கிலோ மக்கிய தொழு உரத்தோடு கலந்து மண்ணில் இடுவது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்று விதைக்கப்படும் மக்காச்சோளம் பெரும்பாலும் தனியார் கலப்பின விதை. அது பையில் வரும்போதே சிவப்பாகவோ பச்சையாகவோ மருந்து பூசித்தான் வருகிறது. அந்தப் பூச்சில் பூசணக்கொல்லி இருந்தால், அதன் மேல் டிரைக்கோடெர்மாவைத் தூவுவது விருந்தாளியைக் கூப்பிட்டு விஷம் வைப்பது போல. கார்பன்டாசிம் பக்கத்தில் டிரைக்கோடெர்மா பிழைக்காது. எனவே கம்பெனி விதை வாங்கியவர்களுக்கு விதை நேர்த்தியைவிட, தொழு உரத்தில் கலந்து மண்ணில் போடுவதே பொருத்தம்.

வேருக்குள் குடியிருக்கும் கூட்டாளி

டிரைக்கோடெர்மா காவல்காரன் என்றால், 'வாம்' என்ற பெயரில் கிடைக்கும் வேர் உட்பூசணத்தை வாரக்காரன் எனலாம். உலகின் நிலத்தாவரங்களில் பத்தில் ஏழுக்கும் மேற்பட்டவற்றின் வேருக்குள் இது இருக்கிறது. செடி தான் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கும். பதிலுக்குப் பூசணம் மண்ணில் இருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுக்கும்.

மணிச்சத்து மண்ணில் நகராது, இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்துவிடும். வேர் தன்னைச் சுற்றிச் சில மில்லிமீட்டர் தூரத்தில் இருப்பதை எடுத்த பிறகு, அதற்கு அப்பால் எட்டாது. உட்பூசணத்தின் இழை தலைமுடியைவிட மெல்லியது, பல சென்டிமீட்டர் தூரம் போகும். வேர் நுழைய முடியாத மண் இடுக்கிலும் நுழையும். துறையூர், பெரம்பலூர்க் கரிசலில் சுண்ணாம்பு அதிகம், போட்ட டிஏபியின் மணிச்சத்தில் பெரும்பகுதியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். "மூட்டை மூட்டையா போட்டும் பயிர் ஊதா நிறமா நிக்குதே" என்ற குறை இங்கே எழுவதற்கு அதுவும் ஒரு காரணம். மாறாக, மணிச்சத்தை ஏராளமாகக் கரைத்து ஊற்றும் வயலில் செடி பூசணத்தைக் கண்டுகொள்ளாது. இலவசமாகக் கிடைக்கும்போது வாரம் எதற்கு?

உயிருள்ள வேர் இல்லாமல் இந்தப் பூசணத்தை வளர்க்க முடியாது. டிரைக்கோடெர்மா போல ஆய்வகக் கலனில் பெருக்குவது நடக்காது. பல்கலைக்கழகம் சொல்லும் முறையில், ஒரு மீட்டர் நீள அகலமுள்ள பள்ளத்தில் பாலித்தீன் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டும் 5 கிலோ சுத்திகரித்த மண்ணும் நிரப்பி, ஒரு கிலோ தாய் வித்தைப் பரப்பி, மேலே செடி வளர்க்கிறார்கள். 60 நாள் கழித்து அந்தச் செடியின் வேரை வெட்டி, மண்ணோடு கலந்து எடுத்தால் அதுதான் 'வாம்'. வளர்க்கும் செடி எது என்றால், மக்காச்சோளம். இந்தப் பூசணத்துக்கு அவ்வளவு பிடித்த வேர் அது. காசு கொடுத்து வாங்கும் பொருளின் தொழிற்சாலை தன் வயலிலேயே நிற்பது பலருக்குத் தெரியாது.

உழவு என்ன செய்கிறது?

அந்தத் தொழிற்சாலையைத்தான் ரொட்டவேட்டர் உடைக்கிறது. அறுவடைக்குப் பிறகு செத்த வேரில் இருந்து மண் முழுக்கப் பரவியிருக்கும் இழைவலை, அடுத்த பயிரின் இளம்வேர் வந்ததும் உடனே ஒட்டிக்கொள்ளும். மண்ணைப் பொடியாக்கினால் வலை அறுந்து, துண்டுகளில் இருந்தும் வித்தில் இருந்தும் மறுபடி தொடங்க வேண்டும். கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் மக்காச்சோளத்தை வைத்தே இதைப் பல ஆண்டுகள் சோதித்தார்கள். கலைக்காத மண்ணில் முளைத்த செடி, சலித்துக் கலைத்த மண்ணில் முளைத்ததைவிட இளம்பருவத்தில் அதிக மணிச்சத்தை எடுத்தது. ஆனால் அந்த லாபம் எல்லா இடத்திலும் கடைசி விளைச்சலாக மாறவில்லை என்பதையும் அவர்களே பதிவு செய்தார்கள். உழவைக் குறைத்தாலே மூட்டை கூடும் என்று மேடையில் பேசுவோர் இந்த இரண்டாவது பாதியைச் சொல்வதில்லை.

உழவைவிடவும் இங்கே பெரிய பிரச்சினை, நிலம் சும்மா கிடப்பது. மாசியில் அறுத்தால் மறுபடி ஆவணி, புரட்டாசிக்குத்தான் விதைப்பு. ஆறு மாதம் வெயிலில் மொட்டை நிலம். வேர் இல்லை என்றால் உட்பூசணத்துக்குச் சோறு இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதே போன்ற கரிசல் மண்ணில், நீண்ட நாள் தரிசு போட்டு ஈரம் சேமித்த வயலில் பயிர் வளராமல் வெளிறி நின்றது. 1980-களில் அதற்குக் காரணம் தேடியபோது, தரிசுக் காலத்தில் வேர் உட்பூசணம் குறைந்து போனதுதான் என்று தெரிந்தது. கோடை மழை கிடைக்கும்போது கொள்ளோ, தட்டைப்பயறோ, சணப்பையோ தூவிவிட்டால் பூசணத்துக்கு வேர் கிடைக்கும், நிலத்துக்கு மூடாக்கும் ஆகும். சின்ன வெங்காயம் வைக்கும் வயல்களுக்கு இந்தக் கவலை குறைவு, வெங்காயத்தின் வேரில் தூவிகள் மிகக் குறைவு என்பதால் அது இந்தப் பூசணத்தை நம்பியே வாழ்கிறது. முள்ளங்கியும் முட்டைக்கோசும் அப்படி அல்ல. கடுகுக் குடும்பம் இந்தப் பூசணத்தை வீட்டுக்குள் விடுவதே இல்லை.

அப்படியானால் தட்டையை விடலாமா?

ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் மக்காச்சோளம்தான் என்றால், இலைக்கருகல் கண்ட தட்டையை மேலே விடுவது ஆபத்து. உழாத சாகுபடி பரவிய பிறகு அமெரிக்காவில் மக்காச்சோளத்தின் சாம்பல் இலைப்புள்ளி நோய் தலைதூக்கியது இதற்குச் சாட்சி. அங்கே மூடாக்கை எடுத்துக்கொண்டார்கள், பயிர் சுழற்சியை விட்டுவிட்டார்கள். பாதுகாப்பு வேளாண்மைக்கு உலக உணவு வேளாண் அமைப்பு சொல்வது மூன்று கால்: மண்ணைக் குறைவாகக் கலைப்பது, நிலத்தை மூடி வைப்பது, பயிரை மாற்றுவது. மூன்றாவது காலை வெட்டிவிட்டு நாற்காலியைக் குறை சொல்லக் கூடாது.

கரிக்கோல் அழுகலுக்கோ கணக்கு தலைகீழ். மூடாக்கு மண்ணின் சூட்டைக் குறைக்கும், ஈரத்தைப் பிடித்து வைக்கும். அந்த நோய்க்கு வேண்டிய இரண்டையும் அது பறித்துவிடுகிறது. 1970-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் உழாமல் பழைய தாளை விட்டு விதைத்த சோளத்தில், உழுத வயலைவிடத் தண்டு அழுகல் குறைந்தது. வித்து மண்ணில் இருந்தது, சந்தர்ப்பம்தான் கிடைக்கவில்லை.

களை இன்னொரு தொல்லை. உழாமல் விட்டால் கோரையும் அருகும் சும்மா இருக்காது. அட்ரசின் அடிக்கலாம் என்றால், ஊடுபயிராக உளுந்தோ தட்டைப்பயறோ போட்ட வயலில் அடிக்க முடியாது, பயறு கருகிவிடும். கூலி ஆள் கிடைக்காத ஊரில் இதுதான் உண்மையான தடை, பூசணம் அல்ல. அதனால் ஒரேயடியாக உழவை நிறுத்துவதைவிட, ரொட்டவேட்டரை விட்டு ஒரு உழவோடு நிறுத்துவதில் தொடங்குவது பலருக்கு நடக்கக்கூடிய காரியம்.

ஸ்ரீரங்கம் பக்கத்து வாழை சொல்வது

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள ஸ்ரீரங்கத்திலும், ஆற்றை ஒட்டி ஜீயபுரம், பெட்டவாய்த்தலை வரை நீளும் படுகையிலும் மக்காச்சோளம் அரிது, வாழையும் நெல்லும்தான். ஆனால் பிரச்சினை அதேதான். ரஸ்தாளியை வாட்டும் பனாமா வாடல் நோய் மண்ணில் ஒளியும் 'பியூசேரியம்' பூசணத்தின் வேலை. வாழைத்தோப்புகளிலும் டிரைக்கோடெர்மாவைத் தொழு உரத்தோடு கலந்து போடுகிறார்கள். தோகைமலை சாலையில் தாயனூரில் 1993 முதல் இயங்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இந்த நோய் பற்றிய ஆய்வில் முன்னணியில் இருக்கிறது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் பச்சை வாழையைத் தாக்கிய புது வகை வாடலுக்கு எதிராக லக்னோவில் உருவாக்கப்பட்ட உயிரி மருந்தில் இருப்பது, சாலமன் தீவில் கூடாரம் தின்ற அதே டிரைக்கோடெர்மா வகைதான்.

படுகை விவசாயிகள் வாழைக்கு அடுத்து நெல் வைப்பது வெறும் பழக்கம் அல்ல. தண்ணீர் கட்டிய வயலில் காற்று இல்லாமல் பியூசேரியம் குறையும். ஆனால் அதே சேற்றில் வேர் உட்பூசணமும் குறையும், அதற்கும் காற்று வேண்டும். எதிரியை மூழ்கடிக்கும்போது கூட்டாளியும் நனைகிறான். நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தைத் தூவும் டெல்டா வழக்கம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. உழவு இல்லை, தாள் நிலத்திலேயே நிற்கிறது, அடுத்த வேர் உடனே வந்துவிடுகிறது. பாதுகாப்பு வேளாண்மை என்ற பெயர் வருவதற்கு வெகு காலம் முன்பே இங்கே நடந்துகொண்டிருந்தது அது.

பொட்டலம் வாங்கும்போது

டிரைக்கோடெர்மா தூள் உயிருள்ள பொருள். தயாரித்த தேதியில் இருந்து சுமார் 4 மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். கிராமுக்குக் குறைந்தது 20 லட்சம் உயிருள்ள வித்துகள் இருக்க வேண்டும் என்பது விதி. பூச்சிமருந்துக் கடையில் வெயில் படும் அலமாரியில் ஒரு வருடம் கிடந்த பொட்டலத்தில் மிஞ்சுவது வெறும் டால்கம் பவுடர்தான். ரசாயன உரத்தோடோ பூசணக்கொல்லியோடோ கலக்கக் கூடாது. காய்ந்த மண்ணில் போட்டுவிட்டு மழைக்குக் காத்திருப்பதும் வீண், ஈரம் இருக்கும்போதுதான் போட வேண்டும். தொழு உரத்தில் கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச் சாக்கு போட்டு மூடிச் சில நாள் வைத்தால் அது பெருகும். பச்சையாகப் படர்ந்த பிறகு வயலுக்குக் கொண்டுபோகலாம்.

எந்த நோய் என்பதில் சந்தேகம் இருந்தால், சாய்ந்த செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறாமல், ஸ்ரீரங்கம் வட்டத்தில் உள்ள சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ, நாவலூர் குட்டப்பட்டில் உள்ள அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரிக்கோ கொண்டுபோய்க் காட்டலாம். பெரம்பலூர்க்காரர்களுக்கு வாலிகண்டபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. அடித்தண்டைப் பிளந்து, உள்ளே கறுப்புப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவது நல்லது. முழுதாகக் காய்ந்த தட்டையைவிட, பாதி பச்சை உள்ள செடியைக் கொண்டுபோனால்தான் நோயை உறுதியாகச் சொல்ல முடியும்.